ஸ்டெல்லா கொண்டு வந்த ஒயின்

ஜூன் 15, ஞாயிறு

பாண்டிச்சேரியில் டீச்சராக இருக்கும் தங்கை ஸ்டெல்லா, பிரெஞ்சு இனிப்பு ஒயின் ஒரு பாட்டில் கொண்டு வந்தாள். விலை அதிகமில்லையாம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி புகட்டிவிட்டு, அடுப்படியில் நின்றபடியே டம்ளரில் குடித்தேன். தேனும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மணம். நற்கருணையில் நாக்கை நனைக்கும் திராட்சை ரசம்தான் இதுவரை எனக்குத் தெரியும். இது விழுங்கிய பிறகும் இனித்தது.

“எங்க ஸ்கூல்ல ஒரு வேலை காலியா இருக்குக்கா. எங்கூட வந்துர்றியா?” என்றாள்.

“வாரேன்” என்றேன், யோசிக்காமல்.

உள்ளே மாமியார் முனகினார். “அம்மா கூப்பிடுறது கேக்கலையா?” என்று ஹாலிலிருந்து கணவர் கத்தினார். ஒயின் வாடை தெரியாமலிருக்க ஏலக்காயை மென்றுகொண்டே ஓடிப்போய்ப் படுக்கை விரிப்பை மாற்றினேன்.

சாயங்காலம் வழியனுப்பப் போனபோது, திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லா, “அக்கா, நீ சொன்னது நெசந்தானே?” என்று கேட்டாள்.

“சும்மா சொன்னேன்டி” என்றேன்.

அவள் நம்பிவிட்டாள்.