களத்துக்கு நீ வந்த நாளும் வராத நாளும்

அம்மிணி,

இன்று காலை பேரன் தார்ப்பாயை உதறினான். நனைந்த காப்பிக்கொட்டையின் புளித்த வாடை குப்பென்று வந்தது. நீயே எதிரில் வந்து இடுப்பில் கை வைத்து நின்ற மாதிரி இருந்தது எனக்கு. நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. இன்னமும் என்னை அதட்டுவதுதான் உனக்கு வேலை.

அந்த எஸ்டேட்டில் நான் களத்து மேஸ்திரி, நீ பழம் பறிக்கிறவள். கார்த்திகையில் கொட்டை காயும்போது நீ களத்துக்கு வந்தால் மழை வருகிறது என்று பேச்சு கிளம்பியது. கிளப்பியவர்களில் நானும் ஒருவன், மறைப்பானேன்? "புருசனை முழுங்குனவ கால் வெச்சா வேற என்ன நடக்கும்" என்று வாய் கூசாமல் சொன்னேன். கூலிப் பதிவிலிருந்து உன் பேரை எடுத்துவிடச் சொல்லி, கணக்கெழுதும் ரைட்டரிடமும் போனேன். பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும், நீயும் உன் மகளும் மூட்டை கட்டி அடிவாரத்துக்கு இறங்க வேண்டியதுதான். அதுவும் எனக்குத் தெரியும்.

நீ அழவில்லை. நேராகக் களத்துக்கே வந்தாய்.

"ஏனுங்க மேஸ்திரி, நான் வந்து மழை பேஞ்ச நாளை மட்டும் விரல் விட்டு எண்ணுறீங்க. நான் வராம பேஞ்ச நாளு? வந்தும் வெயிலடிச்ச நாளு? அதையெல்லாம் ஆரு எண்ணுனது?"

"மூணு வாட்டி தொடர்ந்து பேஞ்சுதே" என்று இழுத்தேன்.

"தாயம் ஆடுறப்ப மூணு வாட்டி தொடர்ந்து தாயம் வுழுகுதுங்களே, கட்டைக்குள்ள பேயா குடியிருக்குது?"

களமே சிரித்தது. எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "சரி, சோதிச்சே பாத்துரலாம்" என்றேன். நீ அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாய். பத்தில் களம், பத்தில் தோட்டம் என்று ரைட்டர் இருபது சீட்டு எழுதினார். விடிந்ததும் ஒன்றை எடுத்து, அதில் உள்ள இடத்துக்கு நீ வேலைக்குப் போக வேண்டும். வானத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. "எத்தனை நாள் கூடுதலாப் பேஞ்சா எம்மேல குத்தம்னு இப்பவே சொல்லிப்போடுங்க. பொறவு பேச்சு மாத்தப்படாது" என்றாய். அஞ்சு நாள் கூடினால் நீ போய்விடுவது, அதற்குக் குறைவாகக் கூடினால் அது சும்மா விழுந்த தாயம் என்று பேசி முடித்தோம்.

மூன்றாம் நாள் சீட்டில் தோட்டம். சற்று நேரத்தில் மேகம் கூடியது. உன்னைக் கூப்பிட்டனுப்ப வாயெடுத்தேன், அப்படியே நின்றுவிட்டேன். மேகம் கூடினால் கொட்டையைக் குவித்து மூடக் கைவேகம் உள்ள ஆளைத் தோட்டத்திலிருந்து அழைப்பது எங்கள் களத்து வழக்கம். உன்னைவிடக் கைவேகம் யாருக்கு? மேகத்தைக் கண்டதும் ஒவ்வொரு தடவையும் உன்னை வரவழைத்தவனே நான்தான், அடக் கடவுளே! மழைக்காக உன்னை அழைத்துவிட்டு, உன்னால் மழை வந்ததென்று ஊரைக் கூட்டியிருக்கிறேன். அன்றே சொல்லியிருக்கலாம். வறட்டுக் கௌரவம், மேலும் பதினேழு நாள் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் நீ வந்த நாட்களில் நாலு நாள் மழை, வராத நாட்களில் அஞ்சு. எல்லார் முன்னாலும் என் தப்பைச் சொன்னேன். நீ திட்டுவாய் என்று பார்த்தேன். நீயோ தார்ப்பாய் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

"அப்ப, அவரு மொளகு பறிக்க ஏறி மரத்துல இருந்து வுழுந்தாருங்களே, அது நான் கஞ்சி கொண்டுக்கிட்டு வந்ததால இல்லீங்களா?"

"இல்லம்மிணி" என்றேன். ஆறு வருடமாக இதையா சுமந்துகொண்டிருந்தாய்? மறுவருடம் களமே உன் பொறுப்புக்கு வந்தது. மேகம் வந்தால் "மேஸ்திரி, மழைய அனுப்பி வெச்சுட்டு எங்க போனீங்க?" என்று கேலி செய்வாய். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் இப்போது வழியில்லை.

போன மாதம் பேரனுக்குக் கல்யாணம், மாரமங்கலத்துப் பெண். அவள் வந்த வாரமே கறவை மாடு செத்தது. "இவ கால் வெச்ச நேரம்" என்று என் வீட்டுக்காரி ஆரம்பித்தாள். "இவ வர்றதுக்கு முன்னால இந்த ஊட்ல மாடே சாகலியா? போன வருசம் செத்தப்ப கால் வெச்சது ஆரு, நீயா?" என்றேன். முறைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்தப் பெண் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"தாத்தா, நெசமா என்னால இல்லீங்களா?"

"இல்ல கண்ணு" என்றேன். உன்னைப் பதினேழு நாள் காக்க வைத்தவன், அவளை ஒரு மூச்சுகூடக் காக்க வைக்கவில்லை.