நாற்பத்திரண்டாவது புளியங்கொட்டை

1979 ஜனவரி 22, திங்கள்

பனி. ஒன்பது மணி வரை எதிர்மலைச் சரிவு தெரியவில்லை. மனைவி சரோஜாவுக்கு வயிற்றுவலி, சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

ஊர்க்கூட்டத்தில், நோய்ச் செலவுக்கு ஊரார் சேர்க்கும் வைத்தியப் பொதுவின் விதிகளைப் படித்தேன். நான் எழுதியவை.

1. புகையும் அடுப்பு ஒவ்வொன்றுக்கும் அறுப்பில் ஒரு மரக்கால் சாமை.
2. விற்ற பணம், யார் வீட்டில் நோயோ அவர்களுக்கு. ஜீப் வாடகை, வேலூர் ஆஸ்பத்திரிச் செலவு.
3. அளக்காத வீட்டுக்கு இல்லை.
4. கணக்குப் பானை மூடியபின் சேர அடுத்த அறுப்பு வரை பொறுக்க வேண்டும். (இல்லையேல் நோய் வந்தபிறகே எல்லோரும் வருவர்.)

காளியப்பன்: "போன வருசம் எனக்குத் தலவலி கூட வர்ல. நான் இன்னாத்துக்கு அளக்கணும்?"

தானியம் அளக்கும் குள்ளம்மா: "வர்லன்னு ஏக்கமா மாமா?"

சிரிப்பு. அவரும் சம்மதித்தார். என் அரைமணி விளக்கத்தால் ஆகாதது.

23, செவ்வாய்

களத்தில் அளவு. குள்ளம்மாவுக்கு எழுத்து தெரியாது; அடுப்புக்கு ஒரு புளியங்கொட்டை பானையில் போடுகிறாள். என் வீட்டை நான் எழுதும் பட்டியலில் சேர்க்கவில்லை. நிலமில்லாத பென்ஷன் வாத்தியார். சாமையில் எனக்கென்ன பங்கு.

மாலை பானை மூடும் முன் எண்ணினேன். கொட்டை 42. பட்டியல் 41. மூன்று முறை சரிபார்த்தும் அப்படியே. கேட்கக் கூச்சம். ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கணக்கு சரியானது.

27, சனி

சந்தையில் சாமை விற்றாயிற்று. சரோஜாவுக்குக் காய்ச்சல், வலது பக்கம் தொடவிடவில்லை. நர்ஸம்மா: "குடல்வால். இன்னைக்கே வேலூர் போய்டுங்க."

பஸ் மதியம்தான். ஜீப் கேட்க வாய் வரவில்லை. விதி 3.

ஜீப் தானாக வாசலில் வந்து நின்றது. குள்ளம்மா முன்சீட்டில்.

"நம்ம அடுப்பு கணக்குல இல்லையே அம்மா" என்றேன்.

"பொகையுற அடுப்புன்னு தானே வாத்தியாரே எழுதுனீங்க? உங்க வூட்ல பொகையலியா? நீங்க அளக்க மாட்டீங்கன்னு தெரியும். நானே அளந்து, கொட்டையும் போட்டுட்டேன். ஏறுங்க."

29, திங்கள். வேலூர்

அறுவை நல்லபடி முடிந்தது. இன்னும் சில மணி போயிருந்தால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர். காலையில் சரோஜா இரண்டு ஸ்பூன் தண்ணீர் குடித்தாள். "யாரு வூட்டு சாமை?" என்றாள். எல்லார் வீட்டுச் சாமையும் என்றேன்.

சட்டை துவைக்கும்போது பையில் கொட்டை. நன்றாகக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். மலையேறியதும் பானையில் போட வேண்டும். எடுத்ததைக் குள்ளம்மாவிடம் சொல்ல வேண்டும். சொல்லிவிட வேண்டும்.