நீதிபதியிடம் உன் மகள் சொன்னது

எல்லாரையும் நம்பிவிட்டுப் போன என் மலர் அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று எழுதத்தான் கை போகிறது. கேட்டால் யார் பதில் சொல்வது? நேராகச் சேதிக்கு வருகிறேன். தர்ஷினி நன்றாக இருக்கிறாள். உன்னைவிட உயரமாகிவிடுவாள் போலிருக்கிறது, பள்ளிக்கூடப் பாவாடையின் மடிப்பைப் பிரித்துப் பிரித்து இனி பிரிக்க மடிப்பே இல்லை. அவள் என்னிடம்தான் இருக்கிறாள். இந்த ஒரு வரியை எழுத நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செல்வி, புள்ளையப் பாத்துக்க" என்றாய். காரியத்துக்கு மச்சான் சிங்கப்பூரிலிருந்து வந்தார், அழுதார், பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு அவர் மறுமணம் செய்துகொண்டதும், அன்னவாசலில் வீடு கட்டி அந்தப் பெண்ணைக் குடிவைத்ததும் உனக்குத் தெரியுமோ என்னவோ. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்றால் பொய். ஆனால் வயிறு எரிந்தது கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்த அன்றைக்குத்தான். மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டுமாம். கல்யாணமாகாமல், ஆலங்குடியில் தையல் மெஷினை மிதித்துப் பிழைக்கும் ஒரு பெண்ணால் பிள்ளையை ஒழுங்காக வளர்க்க முடியாதாம்.

என்னிடம் ஜாக்கெட் தைக்கும் டீச்சர் ஒருத்தர்தான் வழி சொன்னார். புதுக்கோட்டை கோர்ட் வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறதாம், பெண்கள் போய்க் கேட்டால் வக்கீல் வைத்துத் தருவார்களாம்.

"சும்மாவா?" என்றேன்.

"சும்மாதான் செல்வி."

"அப்ப வேணாம் டீச்சர்."

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. துணியைத் திருப்பி உள்பக்கம் பார்க்காமல் நான் வாங்கியதுண்டா? நீ கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருவாய். உனக்கும் சேர்த்து நான் சந்தேகப்பட வேண்டியிருந்தது. ஆனால் காசு கொடுத்து வக்கீல் வைக்க வழியில்லாமல், கடைசியில் அங்கேதான் போய் நின்றேன்.

அங்கிருந்த அம்மா என்னைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். ஓர் அரசாங்க ஆபீசில் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் உட்காரவில்லை. உட்கார வைத்து எதிலாவது கையெழுத்து வாங்கிவிட்டால்? நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையும் எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்குக் கொடுத்த வக்கீல் என்னைவிடச் சின்னப் பெண். மச்சானுக்கு வந்தவரோ தலை நரைத்த பெரிய வக்கீல். முதல் வாய்தா முடிந்து வெளியே வந்தால், என் வக்கீலும் அவரும் எதிர்த்த கடையில் ஒன்றாக டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு அடுத்த பெஞ்சில் போய் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அவருடைய முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள், இவள் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாததைப் பற்றிப் பேசினார்கள். நம் வழக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்படியென்றால் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

நேரே சட்ட உதவி ஆபீசுக்குப் போய் அந்த அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "ஒங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா வேற வக்கீல் போட்டுத் தாரோம்மா. அது ஒங்க உரிமை" என்றார்.

கேட்ட உடனே தருகிறேன் என்கிறார்களே, வரப்போகிற ஆள் இன்னும் மோசமாக இருந்தால்? இவளையே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். விஷயம் அவள் காதுக்கும் போயிருக்கிறது. அடுத்த முறை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உள்ள போயி அவரு சொல்றதுக்கெல்லாம் நாந்தான்க்கா பதில் சொல்லணும். வெளிய வந்தா ரெண்டு பேருக்கும் தலை வலிக்குது. டீ குடிக்கிறதுல என்ன இருக்கு?" என்றாள். தலையை ஆட்டினேன். நம்பவில்லை.

ஆனால் அன்று உள்ளே ஒன்று நடந்தது. பெரிய வக்கீல் எழுந்து, கல்யாணமாகாத பெண், தனி வாழ்க்கை, நாளைக்கு என்ன நடக்கும் என்று இழுத்து இழுத்துப் பேசினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் வக்கீல் எழுந்தாள். "தகப்பன் ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்டது குறையில்லைன்னா, சித்தி கல்யாணம் பண்ணிக்காதது மட்டும் எப்படிக் குறையாகும்?" என்றாள். அக்கா, எனக்காக அப்படி ஒரு வார்த்தையை இதுவரை யாருமே பேசியதில்லை. கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, நாடகத்திலும் நன்றாகத்தான் பேசுவார்கள் என்று மனதைக் கெட்டியாக்கிக்கொண்டேன்.

நீதிபதியும் ஒரு பெண்தான். பிள்ளையிடம் நானே பேசிப் பார்க்க வேண்டும், அடுத்த வாய்தாவுக்கு அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த வாய்தா அன்றைக்கு பஸ் ஏறியதிலிருந்து திருவரங்குளம் தாண்டும்வரை தர்ஷினிக்குப் பாடம் நடத்தினேன். சித்திகூடத்தான் இருப்பேன் என்று சொல்லவேண்டும், வேறு எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லவேண்டும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீதிபதி தன் அறைக்குள் அவளை மட்டும்தான் கூப்பிட்டார். நான் கூடாது, மச்சான் கூடாது, வக்கீல்களும் கூடாது. கதவைச் சாத்திவிட்டார்கள். வராந்தாவில் இருந்த ஒரே பெஞ்சில் நானும் மச்சானும் உட்கார்ந்திருந்தோம். நீ போன பிறகு நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஆள் மெலிந்திருந்தார்.

"சொல்லிக்குடுத்துத்தான கூட்டியாந்த?" என்றார் மெதுவாக.

"ஆமா. நீங்க போன்ல சொல்லிக்குடுக்கலையா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, புள்ள சாப்பிட்டாளா என்று கேட்டார். கடுகடுவென்று ஏதோ சொல்ல வாயெடுத்து, இட்லி சாப்பிட்டாள் என்று மட்டும் சொன்னேன்.

கதவு திறக்க வெகுநேரமாயிற்று. உன் மகள் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்து வந்தாள். பஸ்ஸில் கேட்டேன், வீட்டில் கேட்டேன், சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். "யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு ஜட்ஜ் அம்மா சொல்லிருக்காங்க சித்தி. நானும் சொல்லமாட்டேன்" என்று முடித்துவிட்டாள்.

அப்புறம் தீர்ப்பு வந்தது. பிள்ளை என்னிடமே இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தகப்பனோடு போனில் பேசவேண்டும், அவர் லீவில் வரும்போது அன்னவாசலுக்கு அனுப்பவேண்டும். எல்லாரும் ஜெயித்துவிட்டாய் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் மனதில் முள் ஒன்று தைத்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் என்று நீதிபதிக்குத் தானாகவா தோன்றியிருக்கும்? என் தங்கம் உள்ளே போய் என்னதான் சொன்னாள்?

வக்கீலைக் கேட்டேன். "எனக்கே தெரியாதுக்கா" என்றாள். சட்ட உதவி ஆபீஸ் அம்மாவைக் கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி என்பதுபோல் பார்த்தார். நீதிபதியின் அறை வாசலில் நிற்கும் தபேதார்தான் கிடைக்கிற ஆள் என்று அவரிடம் போய், உங்கள் வீட்டம்மாவுக்கு ஜாக்கெட் சும்மா தைத்துத் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். அந்த மனிதர், "உள்ள பேசுனது உள்ளயே போச்சும்மா. பஸ்ஸப் பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்று பஸ்ஸில் உன்னைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நீ மேலே படிக்கவேண்டும் என்று அத்தையிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? விளக்கு வைப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துபோய், அந்த மாதமே உனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். உன் வார்த்தையை யார் காப்பாற்றினார்கள்? உன் மகள் சொன்ன வார்த்தைக்கு நீதிபதி, ஆபீஸ், தபேதார் என்று வரிசையாக ஆள் நிற்கிறார்கள். என்னிடம் இனிக்க இனிக்கப் பேசியபோதெல்லாம் நான் அவர்களை நம்பவில்லை. என்னிடம் சொல்லமாட்டேன் என்றார்களே, அப்போதுதான் கொஞ்சம் நம்பினேன். எனக்குச் சொல்லாதவர்கள் மச்சானுக்கும் சொல்லியிருக்கமாட்டார்கள். கொஞ்சம்தான், அக்கா. முழுசாக நம்ப எனக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் அவள் கொல்லைப்பக்கம் எடுத்துக்கொண்டு போவாள். நான் துடைப்பத்தோடு பின்னாலேயே போய், கூட்டின இடத்தையே கூட்டிக்கொண்டு நிற்பேன். போன வாரம் போகவில்லை. கொல்லைக் கதவை நானே சாத்திவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்து மிதித்தேன். அந்தச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. பேசி முடித்துவிட்டு வந்தவள் என்னையே பார்த்தாள்.

"என்ன சித்தி, துணியே இல்லாமத் தைக்கிற?"

"சும்மாதான்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பு அப்படியே உன் சிரிப்பு.

இனிமேல் அவளிடம் கேட்கமாட்டேன். அப்பாவும் வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் சரி, என்னைப் பற்றிக் குறை சொல்லியிருந்தாலும் சரி, அது அவள் வார்த்தை. இதை உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். உன்னிடம் அவள் சொல்லியிருந்தால், அக்கா, நீயும் என்னிடம் சொல்லிவிடாதே.

இன்னும் துணியைத் திருப்பிப் பார்த்தே வாங்கும்,
உன் தங்கை செல்வி