காற்றுக்கு ஒரு சல்லடை

அப்பா,

வாடகைக்கு எடுத்திருந்த ஆக்சிஜன் மெஷினைத் திரும்ப எடுத்துப்போக இன்று காலை கடைக்காரர் வந்தார். ஓடுகிறதா என்று பார்க்கச் சுவிட்சைப் போட்டார். அந்தப் பழைய உறுமலும், நடுநடுவே வரும் 'புஸ்'ஸும் கூடத்தில் எழுந்ததுமே, காற்றை ஈரமாக்கும் மெஷின் பாட்டிலில் ஊற்றுவதற்கு ஆறிய வெந்நீரைச் செம்பில் எடுத்துக்கொண்டு அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். பாதிக் கூடம் வந்த பிறகுதான் கட்டில் காலியாக இருப்பது அவளுக்கு உறைத்தது. கடைக்காரர் சட்டென்று சுவிட்சை அணைத்தார். செம்பைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அம்மா நின்றாள்.

கடலூர் ரோட்டில் ஓடிய தனியார் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தாய். கிருமாம்பாக்கம் ஸ்டாப்பில் நீ விசில் அடித்தால் நம் வீடு வரைக்கும் கேட்கும். உன் நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறது, காரணம் தெரியவில்லை, பெரிதாக மருந்தும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அத்தனை ஓட்டம் ஓடிய உனக்கா இது என்று இருந்தது. அதற்குப் பிறகு மூக்கிலிருந்து மெஷின் வரை போகும் குழாயின் நீளம்தான் உன் ரூட். வாசற்படி வரை எட்டும். தெருவுக்கு எட்டாது.

நானோ பல்கலைக்கழகத்தில் காற்றைப் பிரிப்பதைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். என்ன பொருத்தம் பார், உனக்கு நோய் வருவதற்கு முன்பே எடுத்த தலைப்பு. ஓர் அணு கனமே உள்ள கார்பன் தகடு, அதில் மிக நுண்ணிய துளைகள். எந்த மாதிரித் துளை போட்டால் நைட்ரஜனைத் தடுத்து ஆக்சிஜனை மட்டும் விடும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். துளை கொஞ்சம் பெரிதானால் எல்லாம் போய்விடும், சிறிதானால் எதுவும் போகாது. வாரக்கணக்கில் கணினி ஓடினாலும் அதற்குள் அந்த அணுக்களுக்குக் கழியும் நேரம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துணுக்குகூட இல்லை. இதைச் சொன்னபோது, "இன்னாது, அவ்ளோ மெதுவா? எங்க டிரைவரே தேவலாம்" என்றாய்.

ஒரு மத்தியானம் லேப்டாப்பை உன் மடியில் வைத்துக் காட்டினேன். சாம்பல் நிறத்தில் தகடு, சிவப்பில் ஆக்சிஜன், நீலத்தில் நைட்ரஜன். நீல உருண்டைகள் துளையின் வாயிலேயே ஒட்டிக்கொண்டு சிவப்பை மறித்தன. நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். "யோவ் நீலம், படியில நிக்காத! ஓரம் போய்யா! ஏர்றவனுக்கு வழி வுடு!" அதற்கே உனக்கு மூச்சு வாங்கியது. அம்மா ஓடிவந்து என்னைத்தான் திட்டினாள். ஒரு சிவப்பு உருண்டை துளையைத் தாண்டிப் போனதும் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாய். அன்றிலிருந்து தினமும் சாப்பாடு ஆனதும், "பாப்பா, உன் வண்டியப் போடு" என்பாய்.

உன்னைப் பார்க்க வந்த பழைய டிரைவரிடம் ஒரே பெருமை. "எம் பொண்ணு காத்துக்குச் சல்லடை செய்யறா. கரண்டே வேணாம். மூக்குல மாட்டிக்கினு பாகூர் வரைக்கும் போவலாம்." கரண்ட் வேண்டாம் என்று நான் சொன்னதே இல்லை. அவர் என்னிடம் திரும்பி, "எப்பம்மா வரும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீயே, "இன்னும் ஷெட்லதான் நிக்குது" என்று சிரித்துச் சமாளித்தாய்.

அவர் போன பிறகு கேட்டாய். "நெசமா சொல்லு பாப்பா. எனக்கு வருமா?"

"வராதுப்பா."

"தெரியும். சும்மா கேட்டன்." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இன்னிக்கு ஓடனதக் காட்டு" என்றாய்.

நீ போன பிறகு, சென்ற வாரம் துளையின் விளிம்பை மாற்றி ஓட்டியதில் சிவப்பு நன்றாகப் போகிறது. கட்டுரை எழுது என்கிறார் என் பேராசிரியர். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். நான் எழுந்துபோய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள், மூக்குக் குழாய் போதாமல் முகமூடி மாட்டியிருந்தார்கள். ஏதோ சொல்வதற்காக அதைத் தூக்கினாய். பக்கத்திலிருந்த மானிட்டரில் ஆக்சிஜன் அளவு மளமளவென்று இறங்கியது. நான் மறுபடி மாட்டினேன். நீ மறுபடி தூக்கினாய். "பேசாதப்பா, மூச்சு வுடு, அப்புறம் பேசலாம்" என்று முகமூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என் கையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், தூக்குவதை விட்டுவிட்டாய். இன்று அந்த நிலை வந்தாலும் நான் அதையேதான் செய்வேன். உனக்கு மூச்சு வேண்டியிருந்தது.

ஆனால் நீ சொல்ல வந்தது என்னிடம் வந்து சேரவில்லை. தண்ணீர் கேட்டதாகக்கூட இருக்கலாம். முகமூடியின் ஓரத்தில் கசிந்து என் உள்ளங்கையில் பட்ட உன் மூச்சின் சூடு மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. அது போதவில்லை அப்பா.