ரஹ்மத் மாமிக்குக் கொடுத்த வாக்கு

ஸஹ்றாவின் வாப்பாவுக்கு,

நீங்கள் பள்ளிக்குத் தொழப் போன கையோடு ஆள் வந்தது. ரஹ்மத் மாமி மௌத்தாகிவிட்டா. அடக்கம் செய்ய முன் குளிப்பாட்டப் போகிறேன். பிட்டும் மீன் ஆணமும் குசினியில் மூடியிருக்கின்றன. ஸஹ்றாவை ரியூசனுக்கு எழுப்பிவிடுங்கள்.

நேற்று அலுமாரியில் பிரிக்காத குளிசை அட்டையைக் கண்டு, "சாகத்தான் உனக்கு விருப்பமோ? ஸஹ்றாவை ஆரிட்ட விட்டிட்டுப் போகப்போறாய்?" என்று கத்தினீர்கள்.

மூன்று கிழமையாக அதைப் போடவில்லைதான். மார்பில் வந்த புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தந்தது என்று எனக்கும் தெரியும். ஆனால் அதைப் போட்டால் விரல்கள் விறைத்துவிடுகின்றன. போன மாதம் ஒரு ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போது தண்ணீர்ச் செம்பு கை நழுவி மையித்தின் நெஞ்சில் விழுந்தது. அது தெரிந்தும் மாமி படுக்கையில் என் கையைப் பிடித்து, "என்னையும் நீதான் குளிப்பாட்ட வேணும், புள்ள. செம்பை விழுத்தினாலும் ஏசமாட்டன்" என்று சிரித்தா. ஓம் என்றேன். அதற்காகத்தான் நிறுத்தினேன். இப்போது விரல்கள் ஓரளவு மடங்குகின்றன.

இன்று இரவிலிருந்து மறுபடியும் போடுவேன். இன்னும் மூன்று வருடம் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு நீங்களும் வாருங்கள். நிறுத்தியதை டொக்டரிடம் தனியாகச் சொல்லப் பயமாக இருக்கிறது.

ஜெஸீமா

ஆணத்தில் உப்புக் குறைவு.

இனி யாராவது குளிப்பாட்டக் கூப்பிட வந்தால், ஜெஸீமா வரமாட்டாள் என்று நீங்களே வாசலில் சொல்லி அனுப்பிவிடுங்கள். என் வாயால் என்னால் சொல்ல முடியாது.