மருமகனுக்குத் தனிப் பீங்கான்

அன்பு மகள் நுஸ்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதுதான் எழுதுகிறேன், உன் தங்கச்சி ஜஸ்லா இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

உன் வாப்பும்மாவின் நினைவுக்குக் கத்தம் ஓதிச் சோறு கொடுத்த அன்று, அந்த ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி இருந்தவர்கள் ஆறு பேர். வாப்பா, உன் கூடப்பிறந்த நானா ஹுஸ்னி, வாப்பாவின் தம்பி பஸ்லி சாச்சா, பஸ்லியின் மகன்மார் இரண்டு பேர், ஜஸ்லாவின் மாப்பிள்ளை ஸுஹைல். சோறு வைத்தது நான். ஸுஹைல் நாவுல ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே இருமல், கண்ணெல்லாம் சிவப்பு. மாமி, எனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு, வேற பீங்கான்ல கொஞ்சம் போட்டுத் தாங்க, வெளியில வெச்சு சாப்பிடுறேன் என்று அவரே சொன்னார். கல்யாணம் முடிந்து வருஷம் ஆகாத மருமகனுக்குத் தனிப் பீங்கானா, நான் ஊருக்குள்ள தலை காட்டுறதா இல்லையா என்று நான்தான் சண்டை பிடித்து, அவரை வாப்பாவின் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். எல்லாக் கையும் ஒரே சோற்றில். இந்தச் சளிக்குப் பயந்தா மதினிட வட்டிலப்பத்தை யாரு முடிக்கிறது என்று பஸ்லி வேறு சிரித்தார். முப்பத்தொரு வருஷத்துக்கு முன் என் சோறு வேகவில்லை என்று சபையில் சொன்ன வாய் அது.

மூன்றாம் நாள் வாப்பாவுக்குக் காய்ச்சல், முன்பே இருந்த மூச்சு இழுப்பும் கூடிவிட்டது. இன்றைக்கு ஐந்து நாளாக மாத்தளை ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள். எனக்கும் இருமல் என்று வார்டுக்குள் விடுகிறார்களில்லை. உக்குவளையிலிருந்து முதல் பஸ்ஸில் போய் கேட்டில் நின்று கஞ்சிப் போத்தலை ஹுஸ்னியிடம் கொடுக்கிறேன், அது குடிக்காமல் அப்படியே திரும்பி வருகிறது. மஸீனா ஏன் வரல்ல என்று வாப்பா கேட்டாராம். உம்மா வெளியிலே நிற்கிறா என்று ஹுஸ்னி சொன்னாலும் அவருக்கு விளங்கவில்லையாம்.

வயசானவர்கள், இழுப்புள்ளவர்கள், பிள்ளைத்தாய்ச்சிமார் எல்லாரும் சளிக்காய்ச்சல் பரவ முன்னமே ஊசி போட வேண்டும் என்று டொக்டர் சொல்கிறார். அதையே நீ முன்பு போனில் வாப்பாவுக்குப் போடச் சொன்னபோது கத்தம் முடியட்டும் என்றேன். நீ ஆறு மாசம். டொக்டரிடம் கேட்டு நாளைக்கே போட்டுக்கொள். இருமுகிறவர் உன் மாமியாரே ஆனாலும் முகம் பார்க்காமல் தள்ளி இருக்கச் சொல். கோபித்தால் கோபிக்கட்டும்.

அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் காக்கட்டும். ஒவ்வொரு தொழுகையிலும் வாப்பாவுக்கு துஆ கேள், மறக்காதே. ஸுஹைல் மேல் ஒரு குற்றமும் இல்லை. வார்டு வாசலை விட்டு நகராத பஸ்லியைக்கூட மன்னித்துவிட்டேன். ஒருத்தியை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவள் பேரைத்தான் கீழே போட்டிருக்கிறேன்.

உன் உம்மா,
மஸீனா