மேடையில் ஏழு பேர், கீழே ஒருத்தி

பிப்ரவரி 5, ஞாயிறு

"அம்மா, நீங்களும் மேல வந்துடுங்களேன். கீழ தனியா எதுக்கு?"

இன்று தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் என்னைக் கேட்ட கேள்வி இது. கேட்டவர் சங்கத்துத் தலைவர். நூலகத்து மாடியில் ஒரு நீள அறை, அதன் கோடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை மேடை. மேடையில் ஏழு பேர்: தலைவர், கௌரவத் தலைவர், துணைத் தலைவர்கள் இருவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர். கீழே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். நடுவில் நான்.

வரவேற்புரை எனக்குத்தான். நன்றியுரையும் எனக்குத்தான். இணைச் செயலாளர் "திரளாக வந்திருக்கும் பெருமக்களே" என்று என்னைப் பார்த்துச் சொன்னபோது நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கடைசியில் தலைவர் சொன்னார்: "அடுத்த கூட்டத்தோட சங்கத்தைக் கலைச்சிடலாம்னு இருக்கோம். கூப்பிட்டா யாரும் வர்றதில்ல. மரியாதையா மூடிடறது நல்லது." மற்ற ஆறு தலைகளும் ஆடின. இந்த நாட்டுக்கு, மகன் வீட்டுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, எனக்கு என்ன தெரியும்? நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது இதை வேடிக்கையாகச் சொன்னேன். மகன் சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை. "மூடறாங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு கழுவி வைத்த தட்டையே எடுத்து மறுபடி கழுவினாள்.

பிப்ரவரி 7, செவ்வாய்

இன்று மருமகள் தானாகவே சொன்னாள். நான் இங்கே வருவதற்கு முன் நடந்தது. அவளுடைய அப்பா ஊரில் இறந்த அன்று மகன் வேலையாக வெளியூரில் இருந்தான். கைக்குழந்தைக்கு இன்னும் பாஸ்போர்ட் வரவில்லை. அவளால் போக முடியவில்லை.

"ஒரு அம்மா கதவைத் தட்டினாங்க, அத்தை. சங்கத்துலேர்ந்து வர்றேன்னாங்க. ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லல. குழந்தையைக் குளிப்பாட்டினாங்க, பாத்திரம் கழுவினாங்க. நான் அழுது முடிக்கிற வரைக்கும் ஹால்ல உட்கார்ந்திருந்தாங்க. சாயங்காலம் கிளம்பிப் போயிட்டாங்க."

அந்த அம்மாள் பிறகு வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டாராம்.

"அந்த மாதிரி ஒரு நாள்ல வர்றதுக்கு ஒரு ஆள் இருக்கணும், அத்தை. அதுக்குத்தான் சங்கம். மேடை கிடக்கட்டும்."

மகன் காதில் விழுந்துவிட்டது. "ஊர் வம்பை விலைக்கு வாங்காதே" என்றான். அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்தால் முடிவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். என் பிள்ளைக்கு அது இன்னும் புரியவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

கூட்டத்துக்கு இன்று கீழே நாங்கள் இருவர். கலைப்புத் தீர்மானத்தைப் படிப்பதற்கு முன் மருமகள் எழுந்தாள்.

"ஒரு வருஷம் என்கிட்ட விடுங்க, சார். யாரும் வரலைன்னா நானே பூட்டி, சாவியை நூலகத்துல கொடுத்துடறேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினொரு வருஷமா கூப்பிட்டுப் பார்த்தவன் சொல்றேன், ஒருத்தரும் வர மாட்டாங்க. எடுத்துக்கோம்மா. பட்டாத்தான் புரியும்."

துணைத் தலைவர்களில் ஒருவர் மட்டும் கவலையாகக் கேட்டார்: "எங்க பதவியெல்லாம் இருக்குமில்ல?"

"தாராளமா இருக்கும் சார்."

மார்ச் 14, செவ்வாய்

அவள் ஆள் சேர்ப்பதைச் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசுகிறாள்.

"அண்ணா, அடுத்த கூட்டத்துக்கு நீங்க ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு வரணும். வேற ஒண்ணும் வேண்டாம். முடியுமா?"

அதோடு நிறுத்திவிடுகிறாள். "முடியலைன்னா பரவாயில்ல" என்று அவளே வழி காட்டுவதில்லை. அந்தப் பக்கம் இருமுகிறார்கள், ம்ம் என்கிறார்கள். இவள் வாயே திறப்பதில்லை. எனக்குத்தான் கை பரபரக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலத்தில் புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். "இரண்டும் மூன்றும் எவ்வளவு?" என்று கேட்பார்கள். ஒரு மூச்சு விடும் நேரம் வகுப்பு அமைதியாக இருந்தால் தாங்காது, "ஐந்து" என்று தாங்களே சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளும் சரி, இவர் சொல்லிவிடுவார் என்று ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். அமைதியைத் தாங்குவதுதான் பாதி வேலை. அவள் தாங்குகிறாள்.

"எல்லாரும் 'பார்க்கலாம்'னு சொல்வாங்களே, அப்ப என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"மருந்துக்கடையில 'பார்க்கலாம்'னா வாங்க மாட்டேன்னு அர்த்தம், அத்தை. இங்க, கேட்ட வேலை பெருசுன்னு அர்த்தம். முழு மாத்திரை தொண்டையில இறங்காதவங்களுக்குப் பாதியா உடைச்சுக் கொடுக்கறதில்லையா? அதே மாதிரி உடைச்சு, மறுபடி கேட்கணும்."

அவள் மருந்தாளர் என்பதை நான் இத்தனை நாளும் ஒரு சம்பளமாகத்தான் நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

ஏப்ரல் 2, ஞாயிறு

ஏறக்குறைய இருபது பேர்! கண்ணை நம்ப முடியவில்லை.

ஆனால் ஒரு கூத்து. யாராவது மறந்துவிடுவார்கள் என்று பயந்து பாலுக்கு மட்டும் நான்கு பேரிடம் சொல்லி வைத்திருந்தாள். நான்கு பேரும் கொண்டுவந்துவிட்டார்கள். தேயிலை யாரிடமும் சொல்லவில்லை. கொதிக்கக் கொதிக்க வெறும் பாலைக் குடித்தோம்.

தலைவர் மேடையிலிருந்து சத்தமாகச் சொன்னார்: "தமிழ்ச் சங்கம் போயி பால் சங்கம் ஆயிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள்தான் முதலில் சிரித்தாள். டாக்சி ஓட்டும் தம்பி ஒருவர் அன்றே அவளுக்கு 'மாத்திரை அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்.

ஏப்ரல் 18, செவ்வாய்

தலைவர் வீட்டுக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். மனிதர் கோபத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். சுவரெல்லாம் பழைய ஆண்டு விழாப் படங்கள். எல்லாவற்றிலும் மேடை, எல்லாவற்றிலும் நடுவில் அவர்.

"சார், நாற்காலி எப்படிப் போடறதுன்னு எனக்குத் தெரியல. நீங்க அதைப் பார்த்துக்கணும். முடியுமா?"

"பதினொரு வருஷம் நாற்காலியில உட்கார்ந்தவனை நாற்காலி தூக்கச் சொல்றே."

"தூக்க ஆள் இருக்கு சார். எங்க போடணும்னு சொல்லத்தான் ஆள் இல்ல."

பிறகு அந்த மௌனம். நான் சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

"அப்போ என்னை என்னன்னு கூப்பிடுவே?" என்றார் கடைசியில்.

"நாற்காலிச் செயலாளர்."

அவர் மனைவி உள்ளேயிருந்து குபுக்கென்று சிரித்தது கேட்டது. "நாற்காலி வேணும்னு அலைஞ்சவருக்கு மொத்த நாற்காலியும் கிடைச்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே தேநீர் கொண்டுவந்தார். அவரும் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

மே 7, ஞாயிறு

தலைவர் (எல்லோரும் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்) எங்களுக்கு முன்பே வந்துவிட்டார். நாற்காலிகள் வரிசையாக இல்லை, வட்டமாக இருந்தன. மேடை காலி.

"மேல ஒண்ணுகூட போடலையே, சார்?"

"அங்க எக்கோ அடிக்குது" என்றார்.

அங்கே எதிரொலி எதுவும் இல்லை. ஆனால் ஒரு மனிதர் இவ்வளவு அழகாக இறங்கி வந்ததை நான் பார்த்ததில்லை.

ஜூன் 15, வியாழன்

வெல்டிங் வேலை செய்யும் ஒருவர் கை வெந்து மருத்துவமனையில் இருக்கிறார். இங்கே அவருக்கு யாரும் இல்லை. பாஷையும் போதாது. டாக்சித் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. பார்வையாளர் நேரத்தை மருமகள் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். யாருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடையாது.

இன்று என் முறை. நான் போனபோது, பதவி போய்விடுமோ என்று பயந்தாரே அந்தத் துணைத் தலைவர், அவர் இன்னும் கிளம்பவில்லை. நோயாளிக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். முகவாயைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, "ஆடாதீங்க தம்பி, எனக்கும் இது புதுசு" என்றார்.

அந்த வார்டில் வேலை செய்யும் நர்ஸ் தமிழ்ப் பெண். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம், "கூட்டம் என்னைக்கும்மா?" என்று கேட்டார்.

ஜூன் 27, செவ்வாய்

சாப்பிடும்போது மூன்று போன். சாவி யாரிடம், கெட்டில் எங்கே, எத்தனை மணிக்கு. அவள் சோறு ஆறிப்போனது.

ஜூலை 11, செவ்வாய்

மகனுக்கு மாற்றல். வெகு தூரத்து நகரம். அக்டோபருக்குள் போயாக வேண்டும். சம்பளம் அதிகம், வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "நான் போயிட்டா, அத்தை?" என்றாள். அவ்வளவுதான்.

நான் என்ன சொல்வது? எல்லாப் போனும் அவளுக்குத்தான் வருது. எல்லாச் சாவியும் அவ பையிலதான் இருக்கு. அவ நகர்ந்த மறுமாசமே பழையபடி மேடையில ஏழு பேர் ஏறிடுவாங்களோ? இவ்வளவும் எதுக்கு? — அடுத்து ஒருத்தி வீட்டுல தனியா உட்கார்ந்து அழும்போது கதவைத் தட்ட யார் இருப்பா?

எழுத்து கோணலாகப் போகிறது. போதும்.

ஜூலை 14, வெள்ளி

மாற்றல் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சாவியைத் தலைவரிடம் கொடுத்துவிட்டாள். ஆகஸ்ட் கூட்டத்துக்குப் போகப் போவதில்லையாம். "நான் இல்லாம ஓடுதான்னு பார்க்கணும், அத்தை. ஓடலைன்னா தெரிஞ்சுக்க இன்னும் நேரம் இருக்கு."

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இருவரும் வீட்டிலேயே இருந்தோம். போன் மேஜைமேல். கூட்டம் தொடங்கும் நேரத்தில் ஒருமுறை அடித்தது. பாய்ந்து எடுத்தாள். மருந்துக்கடையிலிருந்து, யாருக்கோ விடுமுறை பற்றி.

பிறகு ஒன்றும் இல்லை. துணி மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஒரு போன்கூட வரலையே. கூட்டமே நடக்கலையோ?"

வாத்தியார் வெளியே போன வகுப்பில் சத்தமே கேட்கவில்லை என்றால், பிள்ளைகள் ஓடிவிட்டார்கள், இல்லாவிட்டால் எதையோ மும்முரமாகச் செய்கிறார்கள் என்றேன். "எதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள். எட்டிப் பார்த்தால்தான் தெரியும். எட்டிப் பார்க்கத்தான் கூடாது.

ஆகஸ்ட் 7, திங்கள்

தலைவர் வழியில் இறங்கி வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். "நேத்து நூலகத்துக்காரங்க வந்து விளக்கை அணைச்சுத்தான் எங்களை வெளிய அனுப்பினாங்க. உன்னைக் காணோமேன்னு டீ குடிக்கும்போதுதான் யாரோ கேட்டாங்க."

கதவைச் சாத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். டீ வரைக்கும் யாரும் தேடவில்லை என்ற வருத்தம் ஒரு பக்கம், டீ வரைக்கும் யாரும் தேடவில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். இரண்டும் ஒரே முகத்தில்.

செப்டம்பர் 3, ஞாயிறு

இன்று கூட்டத்தில் மாற்றல் விஷயத்தைச் சொன்னாள்.  உடனே பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று கௌரவத் தலைவர் ஆரம்பித்தார். "விழா வேண்டாம் சார். அடுத்த மாசம் கூட்டத்தை யாரு நடத்துவாங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் பேசவில்லை. தரையைப் பார்த்தார்கள், ஒருவர் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். வாய் என்னையும் அறியாமல் திறந்தது, நான் இருக்கிறேனே என்று சொல்ல. நானும்தான் ஊரைவிட்டுப் போகிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவள் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். பேசாதீர்கள் என்று அர்த்தம்.

"என்கிட்ட கேட்காதீங்க. எனக்கு நாற்காலி வேலையே சரியா இருக்கு" என்றார் தலைவர்.

"ஆறு மாசம்னா நான் பார்க்கறேன்" என்றார் டாக்சித் தம்பி, யாரையும் பார்க்காமல். "அதுக்கு மேல என்னால ஆகாது."

"அதுக்கப்புறம் ஆறு மாசம் நான்" என்றார் நர்ஸ்.

அவள் கை இன்னும் என் முழங்கால்மேல்தான் இருந்தது.  அப்புறம்தான் மெதுவாக எடுத்தாள்.

அக்டோபர் 21, சனி

புது வீடு. எங்கும் அட்டைப் பெட்டிகள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்.

நவம்பர் 12, ஞாயிறு

மதியம் அவள் டாக்சித் தம்பிக்குப் போன் செய்தாள். இந்த மாதக் கூட்டத்தைத் தள்ளி வைத்து இன்று நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நல்லபடியாக நடக்கட்டும் என்று சொல்வதற்காக. என் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"கூட்டம் நேத்தே முடிஞ்சுதேக்கா. இனிமே சனிக்கிழமைதான். ஞாயித்துக்கிழமை நர்ஸுங்களுக்கெல்லாம் ட்யூட்டி."

"எப்ப மாத்தினீங்க?"

"ஏதோ ஒரு கூட்டத்துல பேசினோம்." பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "நாங்களே அசந்து போயிருக்கோம்க்கா. போன வாரம் புதுசா வந்த ஒரு பொண்ணோட அம்மா ஊர்ல தவறிட்டாங்க. பொண்ணால போக முடியல. நாலு பேர் மாறி மாறிக் கூட இருந்தோம்."

"எனக்கு யாரும் சொல்லவே இல்லையே, தம்பி."

"உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்? நாங்கதான் இருக்கோமே."

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அழுகிறாளோ என்று பக்கத்தில் போனேன். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நம்மளை ஒரு வார்த்தை கேட்கல பாருங்க, அத்தை" என்றாள், பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கியதைச் சொல்கிற குரலில். பிறகு மகனைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

பாடம் நடத்தின பழக்கம் போகாது. அதனால் இதைப் படிக்கிற உனக்குக் கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். நாளைக்கு யாராவது ஒருவரிடம், அவர் பெயரைச் சொல்லி, ஒரு மணி நேரத்தில் முடிகிற ஒரே ஒரு வேலையைக் கேள். கேட்ட பிறகு, அவர் பதில் சொல்லும் வரை பேசாமல் இரு.